மல்லி வாசத்து ஐஸ்

மார்ச் 9, ஞாயிறு

ஐஸ் மெஷினின் கதவைத் தூக்கும்போது முகத்தில் வந்து படுகிற அந்தக் குளிருக்காகவே இந்த ஹோட்டலில் ஆயுசு முழுக்க இருக்கலாம். மதுரை வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அந்தப் பெட்டிக்குள் மட்டும் எப்போதும் மார்கழி. தண்ணீர் தகட்டின்மேல் வழிந்து வழிந்து உறையும். பிறகு சடசடவென்று கட்டிகள் கீழே உதிரும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் கண் சொருகுகிறது. பாத்திரம் கழுவும் லூர்து அக்காவுக்கு என்னைக் கேலி செய்வதே பொழுதுபோக்கு.

"ஏய் மாரீசு, ஐஸுல மொகம் பாத்தது போதும். நின்னுக்கிட்டே தூங்குற ஒரே ஆளு நீதான்டி. ஜூஸ் கவுண்டர்ல ஆளு நிக்குது!"

நிற்கட்டுமே. ஜூஸ் போட ஒரு நிமிஷம் ஆகாதா?

காலையில் வாங்கிய மல்லிச் சரத்தை வாழையிலையில் சுருட்டி ஐஸ் பெட்டியின் மூலையில் வைத்துவிடுவேன். நான் மட்டுமா, இங்கே வேலை பார்க்கிற எல்லாப் பெண்களும்தான். சாயங்காலம் எடுத்தால் அப்போதுதான் கட்டிய பூ போல இருக்கும். வீட்டுக்குப் போகும்போது தலையில் வைத்துக்கொள்வேன். உன் தலையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று லூர்து அக்கா கேட்பாள். பஸ்ஸில் நாலு பேர் பார்க்க மாட்டார்களா?

மார்ச் 12, புதன்

தம்பி காசிராஜனின் பெண்டாட்டி தேனரசிக்கு இது ஆறாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போய்விட்டது. இந்தத் தடவை வீட்டில் எல்லாரும் மூச்சுவிடக்கூட யோசிக்கிறார்கள்.

அவர்கள் முன்கட்டில் இருக்கிறார்கள், நான் பின்னறையில். புருஷன் வீட்டிலிருந்து வந்த நாளிலிருந்து அதுதான் என் அறை. தேனரசியின் அறைப் பக்கம் நான் அதிகம் போவதில்லை. பிள்ளை பெறாதவள் போய் நின்றால் ஆகாது என்று யாரும் சொன்னதில்லை. எனக்கு வேலை இருக்கிறது, அதனால் போவதில்லை.

இன்று தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனால், பிரிட்ஜைத் திறந்துவைத்து, மேல்தட்டில் படிந்த பனியைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டிருக்கிறாள்! என்னைப் பார்த்ததும் கரண்டியைப் பின்னால் ஒளித்தாள்.

"அவுககிட்ட சொல்லிராதீங்க மதினி. வாயி ஐஸு ஐஸுங்குது. சோறே எறங்க மாட்டேங்குது."

"பிரிட்ஜ ஓட்ட போட்டுறாத. எங்க ஹோட்டல்ல குப்பையா கெடக்கு, கொண்டாறேன்" என்றேன். கொஞ்சம் சள்ளென்றுதான் சொல்லிவிட்டேன்.

மார்ச் 13

பிளாஸ்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

பிளாஸ்கின் மூடி சரியில்லை. அவள் தின்று முடிக்கிறவரை நான்தான் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. வேறு மூடி வாங்க நேரமில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கடிக்கிறாள். கடுக் கடுக் என்று சத்தம் வருகிறது. ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் அவள் வயிற்றில் விழுந்து கிடந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மதினி, இந்த ஐஸுல பூ வாசம் வருது."

"என் தலப் பூவா இருக்கும்."

"இல்ல மதினி. ஐஸுலதான். தொண்டைக்குள்ள போறப்ப மல்லித் தோட்டத்துக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கு."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. இந்தப் பெண்ணுக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

மார்ச் 23, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், எலுமிச்சை ஜூஸில் மல்லிகை வாசம் வருகிறது, என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டது. மேனேஜர் கோவர்த்தனன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பெட்டிக்குள் பூ வைப்பது யாரென்று கேட்கப் போகிறார், இன்றோடு சீட்டைக் கிழித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அவர் கேட்டதும் அதைத்தான். நான்தான் வைத்தேன் என்றேன். மனுஷன் மேசையைத் தட்டிச் சிரிக்கிறார்!

"இம்புட்டு நாளா ஏம்மா சொல்லல? நாளையிலருந்து பூவ இலையில சுருட்டாத. ஐஸுக்கு மேலயே பரப்பி வையி. வாசம் நல்லா ஏறட்டும்."

போர்டில் 'மல்லி சர்பத்' என்று எழுதித் தொங்கவிட்டாகிவிட்டது. லூர்து அக்கா என் தலையில் குட்டினாள். ஒரே நாளில் நான் பெரிய ஆளாகிவிட்டேனாம்.

மார்ச் 30, ஞாயிறு

தேனரசிக்கு ரத்தம் குறைவாம். அதனால்தான் ஐஸ் ஆசையாம். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார் டாக்டர் நிலோஃபர். ஐஸ் கொஞ்சம் தின்றால் குற்றமில்லை, மாத்திரையை மட்டும் விடாதே என்றாராம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவு தூரம் பழகிய வேலையைத் திடீரென்று நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மெஷினைப் பார்க்க கம்பெனி மெக்கானிக் ஜெயசீலன் வந்தார். நான் தினமும் வெளிப்பக்கத்தைத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பதால் எப்படியும் பாராட்டுவார் என்று பக்கத்திலேயே நின்றேன். அவர் வெளிப்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டார்ச்சை உள்ளே அடித்துவிட்டு மேனேஜரிடம் போய்விட்டார்.

"உள்ள கழுவிப் பல மாசம் ஆச்சு சார். ஒரு நாள் நிப்பாட்டணும். இருக்கிற ஐஸ் பூராத்தையும் கொட்டணும். தகட்டுக்கு மருந்து ஓடவிட்டு, பெட்டியையும் கிருமி போகத் தேச்சுக் கழுவி, மொத தடவ விழுற ஐஸையும் கீழ ஊத்திரணும்."

"திருவிழா வருது. இப்பப் போயி மெஷின நிப்பாட்டுறதா? முடியட்டும், பாப்போம். அதுவும் ஐஸுல எங்கய்யா கிருமி? அம்புட்டுக் குளுருல எல்லாம் செத்துல்ல போயிரும்."

"சாகாது சார். தூங்கும். சூடான வயித்துக்குள்ள போனா முழிச்சுக்கிரும்."

மேனேஜர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், அவர் சிரித்ததால். ஜெயசீலன் என்னைப் பார்த்து, "பெட்டிக்குள்ள ஐஸத் தவிர ஒண்ணும் இருக்கக் கூடாதுக்கா. பூவும்தான்" என்றார். மேனேஜரே வைக்கச் சொன்ன பூவுக்கு நான் என்ன பதில் சொல்வது? டம்ளர்களை அடுக்கப் போய்விட்டேன்.

கிருமிகள் தூங்குகின்றன என்பதை மட்டும் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். குளிரில் போர்த்திக்கொண்டு வரிசையாக, சத்தமில்லாமல். ஏனோ எனக்குப் பயமாகவே இல்லை. அழகாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

தேனரசிக்கு வளைகாப்பு. எனக்கு டூட்டி. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், ஞாயிறன்று கூட்டம் அதிகம்.

காலையில் கிளம்பும்போது தேனரசியின் அம்மா உசிலம்பட்டியிலிருந்து வந்து இறங்கினார். "வேலைக்குப் போறியாத்தா? போ, போ. இங்க நாங்க பாத்துக்கிறோம்" என்றார். நல்ல மாதிரிதான் சொன்னார். என் பையைக்கூட எடுத்துக் கையில் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது வீட்டில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத் துணியெல்லாம் கட்டிவைத்துவிட்டார்கள். இவள் வரமாட்டேன் என்கிறாள். டாக்டர் இங்கேதான் இருக்கிறாராம். அம்மாக்காரி அழுது பார்த்தார், திட்டிப் பார்த்தார், அசையவில்லை. கடைசியில் அவர் கோபித்துக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினார். எனக்கே ஆச்சரியம். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் இவள்.

நான் பின்னறையில் தலைப் பூவை எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வளையல் சத்தம். இரண்டு கையும் முழங்கை வரை கண்ணாடி வளையல்.

"மதினி, ஐஸு?"

அறைக்குள் விளக்குப் போடவில்லை. அந்த மங்கலில் இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு கட்டியை எடுக்கும்போதும் வளையல்கள் சரிந்து சரிந்து விழுந்தன. உள்ளே பிள்ளைக்குக் கேட்கத்தான் வளையல் போடுகிறார்கள் என்பார்கள். எனக்கும் கேட்டது.

ஏப்ரல் 27

மத்தியானம் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. வைகையில் கரையிலிருந்து கரைவரை ஐஸ். வெயில் அடிக்கிறது, ஆனால் ஒரு கட்டிகூடக் கரையவில்லை. அதன் மேல் ஒரு குழந்தை தவழ்ந்து போகிறது, வழுக்கவே இல்லை. நான் இக்கரையில் நின்று கூப்பிடுகிறேன். என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டேன் என்பதை எழுத மாட்டேன். அது தேனரசியும் தம்பியும் வைக்க வேண்டிய பேர்.

மே 6, செவ்வாய்

சித்திரைத் திருவிழாக் கூட்டம். ஊரே தெருவில்தான். மெஷின் மூச்சுவிடாமல் ஓடுகிறது. ஐஸ் விழுவதற்கு முன்பே அள்ளுகிறோம். கரண்டி கிடைக்காதவன் டம்ளராலேயே அள்ளுகிறான், வேர்வைக் கையோடு. பூக்கூடை இரண்டு வருகிறது. நேற்றைய பூவை எடுக்க யாருக்கு நேரம்? அதன் மேலேயே பரப்புகிறோம்.

ஐஸ் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது. வாசமும் மல்லி வாசமாக இல்லை, மூன்று நாள் பழைய பூச்சரத்தின் வாசம். கோவர்த்தனனிடம் சொன்னேன். "அப்பன்னா பூவக் கூட்டிப் போடும்மா" என்றார்.

மாடியில் தங்கியிருக்கிறவர்களில் சிலருக்கு வயிற்றுப்போக்கு. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மேனேஜர் எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன்.

மே 9, வெள்ளி

தேனரசிக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதிக்கிறது, இடுப்பு வலிக்கிறதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

மே 10, சனி

டாக்டர் நிலோஃபர் வந்து பார்த்தார். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு வேகமாக இருக்கிறதாம். தேனரசி முனகிக்கொண்டு கிடக்கிறாள்.

"வெளியில ஏதாவது சாப்பிட்டாங்களா? தண்ணி, ஜூஸ், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அத வச்சுத்தான் எந்த மருந்துன்னு நான் முடிவு பண்ணணும்."

தம்பி, "வெளியில வாயில வைக்க மாட்டா டாக்டர். வீட்டுச் சாப்பாடுதான்" என்றான். அவனுக்கு ஐஸ் விஷயம் முழுசாகத் தெரியாது. செய்தி கேட்டு ஊரிலிருந்து ஓடி வந்த தேனரசியின் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன். பிள்ளை பெறாதவள் வந்து தொட்டாள், அதனால்தான் என்று என்னைச் சொல்லிவிடுவார்களே. உறைந்த தண்ணீரில் என்ன இருக்கப் போகிறது, முதலில் மெஷினைப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் போய்விட்டார். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடினால் அந்தக் கிருமிகள் ஒவ்வொன்றாகப் போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்திருந்தன.

மே 11, ஞாயிறு

விடிந்ததும் ஜெயசீலனுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றார். அழுதுவிட்டேன். வந்துவிட்டார்.

மெஷின் பிளக்கை நானே பிடுங்கினேன். கோவர்த்தனன் ஓடி வந்து, "யாரக் கேட்டும்மா நிப்பாட்டுன? நாளைக்கு அழகர் ஆத்துல எறங்குறாரு, ஊரே இங்கிட்டுத்தான் வரும்!" என்று கத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் எதிரில் நான் குரலை உயர்த்தியதில்லை.

"எங்க வீட்டு உசுரு ஒண்ணு இல்ல சார், ரெண்டு உசுரு ஆஸ்பத்திரியில கெடக்குது. எட்டி நில்லுங்க!"

எட்டித்தான் நின்றார்.

ஜெயசீலன் உள்மறைப்பைக் கழற்றினார். தகட்டுக்குக் கீழே, தண்ணீர் ஓடுகிற தொட்டி ஓரமெல்லாம், நுங்குத் தண்ணீர் மாதிரி வழவழவென்று இளஞ்சிவப்பில் ஒரு பாசி. கீழே பெட்டிக்குள் அழுகிக் கறுத்த இதழ்கள். பெட்டியின் மூலையில் வடிகால் ஓட்டை பூ நாரால் அடைபட்டுக் கிடந்தது. உருகின அழுக்குத் தண்ணீர் போக வழியில்லாமல் அடியிலேயே தேங்கி, அதற்கு மேல்தான் தினமும் புது ஐஸ் விழுந்திருக்கிறது. அந்தப் பெட்டியிலிருந்துதான் நான் பிளாஸ்கை நிரப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

"பூவுல மண்ணு வரும், தெளிச்ச மருந்து வரும், கட்டுற கை வரும். ஐஸும் சோறு மாதிரிதான்க்கா. வாய்க்குள்ள போறதுதான" என்றார் ஜெயசீலன். லூர்து அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கோவர்த்தனன் குனிந்து பார்த்தார். பிறகு போர்டை அவரே கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் எல்லாரும் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். டாக்டரைப் பார்த்ததும் அங்கேயே கொட்டிவிட்டேன்.

"ஐஸு தின்னா டாக்டர். ரெண்டு மாசமா, தெனமும். எங்க ஹோட்டல் மெஷின்ல எடுத்தது. உள்ள பூராம் பாசி. நான்தான் கொடுத்தேன்."

டாக்டர் திட்டவில்லை. "நல்ல வேளை சொன்னீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வரக் காத்திருக்காமல் மருந்தை மாற்றி ஏற்றச் சொன்னார்.

தேனரசியின் அம்மா எழுந்தார். "அதுக்குத்தான் அன்னைக்கே வந்துருன்னு இவகிட்டத் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். பெத்திருந்தாத்தான அரும தெரியும்" என்றார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வெளியே வந்துவிட்டேன். அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபமில்லை. இல்லை, இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

மே 12, திங்கள்

ஊரெல்லாம் ஆற்றங்கரையில். வராந்தாவில் நான் மட்டும். காய்ச்சல் இறங்கவில்லை.

மே 13

வேலைக்குப் போகவில்லை. வார்டுக்குள்ளும் போகவில்லை. மெஷினைக் கழுவி முடித்து, முதல் ஐஸையெல்லாம் சாக்கடையில் கொட்டிவிட்டார்களாம், லூர்து அக்கா போனில் சொன்னாள். இனி மாதாமாதம் ஜெயசீலன் வருவாராம். பெட்டிக்குள் யாராவது பூ வைத்தால் கையை ஒடிப்பேன் என்று அவளே எல்லாப் பெண்களிடமும் சொல்லிவிட்டாளாம். நல்லது என்றேன். எனக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை.

மே 15, வியாழன்

காய்ச்சல் விட்டது! உயிர் போய் உயிர் வந்தது எனக்கு.

ரத்தத்தில் கிருமி இருந்திருக்கிறது. சரியான மருந்து சரியான நேரத்தில் போயிருக்கிறது என்றார் டாக்டர். பிள்ளையின் துடிப்பு பழையபடி வந்துவிட்டது. வயிற்றில் கருவியை வைத்து எல்லாருக்கும் கேட்கவைத்தார்களாம். நான் வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன், அங்கேயும் கேட்டது. டபடபவென்று, எதற்கோ அவசரமாக ஓடி வருகிற மாதிரி.

மத்தியானம் அவள் அம்மா சாப்பிடப் போனபோது நர்ஸ் வந்து, "உள்ள உங்களக் கூப்பிடுறாங்க" என்றாள்.

தேனரசி இளைத்துக் கறுத்துப் போயிருக்கிறாள். கையில் ஊசி குத்தியதால் ஒரு கை வளையல்களைக் கழற்றிவிட்டார்கள். நான் கட்டில் கால்மாட்டிலேயே நின்றேன்.

"என்ன மன்னிச்சிரு தேனு" என்றேன். அவளைச் சுருக்கிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"அழுகாதீங்க மதினி. நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"மாத்திர சாப்புட ஆரம்பிச்சு ஒரு மாசத்துக்குள்ள அந்த ஆச போயிருச்சு. அப்பறம் ஐஸ வாயில வச்சாலே பல்லு கூசும். கடைசியில வாடையும் சரியில்ல. கண்ண மூடிக்கிட்டு முழுங்கிருவேன்."

"அடிப் பாவி! பிடிக்காமயா தின்ன? அப்பறம் எதுக்குடி தெனமும் ஐஸு ஐஸுன்னு கேட்ட?"

அவள் மறு கையில் மிச்சமிருந்த வளையல்களை முழங்கைக்கு ஒதுக்கிவிட்டாள்.

"வேற என்ன கேட்டா நீங்க வந்து உக்காருவீங்கன்னு எனக்குத் தெரியல மதினி."

மே 20, செவ்வாய்

நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். அவள் அம்மாவும் கூடவே வந்திருக்கிறார். பிள்ளை பிறக்கிறவரை இங்கேதான் இருப்பாராம். இருக்கட்டும்.

இன்று வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, நேராக முன்கட்டு அறைக்குப் போனேன். வாசலில் அந்த அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து, "என்னத்தா வேணும்?" என்றார்.

"சும்மாதான்" என்றேன்.

உள்ளே தேனரசி காலை மடக்கிக்கொண்டு கட்டிலில் எனக்கு இடம்விட்டாள். உட்கார்ந்தேன்.